அன்லிமிடெட் மல்லிகை

நிலக்கோட்டையில் வெப் ஹோஸ்டிங் கம்பெனி நடத்துகிறவருக்கு முதல் யோசனை: திட்டங்களுக்கு சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பெயர் வைக்காதீர்கள். ஊரே வைத்தாயிற்று. கனகாம்பரம், முல்லை, மல்லிகை என்று வையுங்கள். பூ மார்க்கெட் உள்ள ஊரில் எது உசத்தி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் 'அன்லிமிடெட்' உண்டு. கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதை விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் போதும். அங்கே வரை யாரும் இறங்கி வருவதில்லை. எஸ்எஸ்எல் சான்றிதழ் 'இலவசம்' என்பது மட்டும் கொட்டை எழுத்தில். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் அதை உலகத்துக்கே சும்மா கொடுக்கிறது. அதனாலென்ன, புண்ணியம் உங்கள் கணக்கில் ஏறட்டுமே!

'99.9 சதவீதம் இயங்கும்' என்பதும் கேட்கக் கம்பீரம். மிச்சமுள்ள புள்ளி ஒன்று, வருடத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம். அது முகூர்த்த நாள் விடியற்காலையில் வந்து விழுந்தால், பூ வியாபாரி உங்களை என்னவென்று அழைப்பார் என்பது எந்தத் திட்டத்திலும் சேராது.

மாதம் 49 ரூபாய் என்று போடுங்கள். மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. 18 சதவீத ஜிஎஸ்டி தனி. புதுப்பிக்கும்போது நாலு மடங்கு. மல்லிகையும் முகூர்த்தத்துக்கு ஏறும்தான், ஆனால் முகூர்த்தம் முடிந்தால் இறங்கிவிடும்.

வாடிக்கையாளரே, புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, சர்வர் படுத்தால் போனை எடுப்பது யார், இரண்டையும் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.