அருகம்புல்லுக்கு உரம் போடும் மாப்பிள்ளைக்கு

மாப்ளே, நிம்மதிக்காக நிலம் வாங்கியிருக்கேன்னு நீ போன்ல சொன்னப்போ எனக்குச் சந்தோஷந்தான். அட்லாண்டாவுக்குத் தெக்கே மூணு மணி நேரம், டிஃப்டன் பக்கம் பதினோரு ஏக்கர், நடுவுல வீடு, முன்னாடி நீளத் திண்ணை, பின்னாடி ஒரு குளம், ஓரத்துல பைன் மரம். கோவில்பட்டிப் பக்கம் இவ்வளவு நிலம் வச்சிருந்தவனுக்கு நிம்மதி போக முப்பது வருஷம் ஆச்சு. உனக்கு மூணே மாசத்துல போயிருச்சு. அமெரிக்காவுல எல்லாமே வேகந்தான்.

நானும் உங்கம்மாவும் வந்து தங்கினப்புறம்தான் எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சது. வெள்ளிக்கிழமை ராத்திரி கார்ல வந்து இறங்குற. சனிக்கிழமை வெயில் ஏறுமுன்னே புல்வெட்டுற மெஷின்ல ஏறுற. காதுல ரெண்டு மூடி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. நடுக்காட்டுல உக்காந்துக்கிட்டே காட்டோட சத்தமும் கேட்காம நிறமும் தெரியாம இருக்க ஒரு ஆளால முடியும்ங்கறதை உன்கிட்டத்தான் பார்த்தேன். உங்கம்மா, “பாவம், பிள்ளையை இறங்கச் சொல்லுண்ணே”ன்னா. நான் சொல்லலை. ஆடுற நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு அடுத்தவன் வேலை செய்யுறதைப் பார்க்கிறது தனிச் சுகம். அதை நானே கெடுத்துக்கிடுவேனா?

அப்படி என்ன புல்லுக்கு இந்தப் பாடு படுறேன்னு ஒருநாள் இறங்கி ஒரு கணு பிடுங்கிப் பார்த்தேன். அருகு! நம்ம அருகம்புல்லு. இங்க பெர்முடான்னு பேரை மாத்தி வச்சிருக்கான், ஆனா கணுவும் வேரும் பொய் சொல்லுமா? உங்க தாத்தா கரிசக்காட்டுல கோடை உழவு போட்டு, அந்த வேரை முழ ஆழத்துல இருந்து தோண்டி, வெயில்ல காய வச்சு, குவிச்சுத் தீ வச்ச புல்லு மாப்ளே இது. பிள்ளையாருக்கு ஒரு பிடி போக மிச்சத்தோட அவருக்கு ஆயுசுக்கும் பகை. பேரன் நீ அதே புல்லுக்கு மூட்டை மூட்டையா உரம் வாங்கிப் போடுற, குழாய் போட்டுத் தண்ணி பாய்ச்சுற. அது நன்றியோட வளர்ந்தா, வளர்ந்துருச்சேன்னு கோவிச்சுக்கிட்டுப் பெட்ரோல் ஊத்தி வெட்டுற. தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா, அவர் கொளுத்தின அருகைக் கப்பல்ல ஏத்தி உனக்கு வித்திருப்பார்.

உன்னை மட்டும் சொல்லக் கூடாது. இந்த அருகுக்கு இந்த ஊர்ல பெரிய மரியாதை. டிஃப்டன் ஆராய்ச்சிப் பண்ணைக்கு 1936ல வந்த கிளென் பர்ட்டன்னு ஒரு விஞ்ஞானி மாட்டுத் தீவனத்துக்கு ஒரு அருகு, கால்ஃப் மைதானத்துக்கு ஒரு அருகுன்னு ரகம் ரகமாப் பிரிச்சு எடுத்தார். மைதானத்துக்கான டிஃப்வே 1960ல வந்தது. உன் வாசல்ல கிடக்கிறது அதோட சொந்தக்காரனாக்கூட இருக்கலாம். ஆனா அவர் கம்புலயும் கை வச்சவர்ங்கறது உனக்குத் தெரியாது. அவர் பண்ணையில உருவான டிஃப்ட் 23ஏ-ங்கிற கம்பைத் தாயா வச்சுத்தான் லூதியானா விஞ்ஞானிங்க 1965ல நம்ம நாட்டோட முதல் ஹைப்ரிட் கம்பைக் கொண்டுவந்தாங்க. பின்னாடி அதுல அடிச்சாம்பல் நோய் விழுந்து விவசாயி தலையில துண்டு போட்டது வேற கதை. கரிசக்காட்டுப் பிள்ளை, கம்புக்குப் பேர் போன மண்ணை வாங்கி, அதுல அருகை வளர்க்குற. ரெண்டு பாத்தி கம்பு விதைச்சிருந்தா புறாவாவது வந்து உன்னை நல்லா இருக்கியான்னு கேட்டிருக்கும்.

புல்லை வெட்டாம விட்டா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னு கேட்ட. யார் பார்க்கிறா? அரை மைலுக்கு ஒரு வீடு. உன் புல்லைப் பார்க்கிற ஒரே ஆள் நான், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். வீட்டைச் சுத்திப் பாம்பு தெரியற அளவுக்கு வெட்டிட்டு, மிச்சத்தை அது பாட்டுக்கு விடு. பத்து ஏக்கருக்கு உன் உதவி தேவையில்லை.

அப்புறம், வெறுங்காலோடு மண்ணுல நடந்தா மனசு இளகும்னு எதையோ படிச்சுட்டுச் செருப்பைக் கழட்டிட்டு இறங்கின பாரு, அன்னைக்குத்தான் நீ ஓடி நான் பார்த்தது. உன்னைக் கடிச்சது நெருப்பெறும்பு. தென்னமெரிக்காவுல இருந்து கப்பலேறி 1930கள்ல அலபாமா மொபைல் துறைமுகத்துல இறங்கினது. தெக்கத்தி மாநிலம் பூராவும் அதுக்குப் பட்டா இருக்கு. இயற்கையை ரசிக்கிறவன் முதல்ல கீழே பார்த்து ரசிக்கணும்.

சாயங்காலமாவது சும்மா இருக்கியா? திண்ணையில நீல விளக்கு ஒண்ணைத் தொங்க விட்டிருக்க. படார், படார்னு பூச்சியை வறுத்துக்கிட்டே இருக்கு. கொசுவை ஒழிக்குதுன்னு உனக்குப் பெருமை. உன் மக பள்ளிக்கூடத்துப் புத்தகத்தோட உக்காந்து எனக்கு ஒரு கணக்கு வாசிச்சுக் காட்டினா. டெலவேர் மாநிலத்துல இந்த மாதிரி விளக்குகள்ல ஒரு கோடை பூரா செத்ததை ரெண்டு பேர் உக்காந்து எண்ணி 1996ல வெளியிட்டாங்களாம். மொத்தம் 13,789 பூச்சி. அதுல மனுஷனைக் கடிக்கிற சாதி 31. மிச்சம் எல்லாம் அப்பிராணி, தன் சோலியைப் பார்த்துக்கிட்டுப் போன பூச்சி. கொசு நம்ம மூச்சையும் வேர்வையையும் மோந்து வருது, உன் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க வரலை. கொசுவுக்குப் பறக்கத் தெம்பு கம்மி. திண்ணைக் கூரையில ஏற்கெனவே காத்தாடி தொங்குது, அதைப் போட்டாலே பாதி போயிரும். ஆனா அதுல படார் சத்தம் வராது, உனக்கு ருசிக்காது.

இந்தப் பக்கத்துல கண்ணைச் சுத்துற பொடி ஈ ஒண்ணு இருக்கே, அது தனித் தொல்லை. ஜார்ஜியாவுக்கு நடுவுல ஒரு கோடு கிழிச்சு, அதுக்குத் தெக்கே இந்த ஈயோட ராஜ்யம்னே வச்சிருக்கான். உள்ளூர்க்காரன் வாயோரமா ‘ஃபூ’ன்னு மேலே ஊதிக்கிட்டே பேசுவான், பேச்சு ஒரு சொல்லு தடைபடாது. உனக்கு அது இன்னும் வரலை. வந்தாத்தான் நீ இந்த ஊர்க்காரன்.

வறுக்கிறது போதாதுன்னு, கொசு தின்னும்னு சொல்லி ஊதாக் குருவிக்கு அலுமினியத்துல வீடு வாங்கி நட்டு வச்சிருக்க. அது உசரத்துல பறந்து தட்டானையும் வண்டையும் பிடிக்கிற குருவி. ராத்திரிக் கொசுவுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒரு கம்பத்துல காஞ்ச சுரைக்குடுக்கையை வரிசையாத் தொங்க விட்டிருக்கார். குடுக்கைக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இந்த மண்ணோட பூர்வகுடிகள் செஞ்ச ஏற்பாடு அது. நாம விதை போட்டு வைக்க வச்சிருந்த குடுக்கையில அங்க குருவி குடித்தனம் பண்ணுது. மனுஷன் கட்டிக் குடுத்த இடத்துல குடியிருந்து பழகி, கிழக்குப் பக்கத்துக் குருவிக்குச் சொந்தமா இடம் தேடுற வழக்கமே விட்டுப்போச்சு. பிரேசில் வரைக்கும் போய்க் குளிர்காலத்தைக் கழிச்சுட்டு, மாசி பிறக்கிறப்போ அவர் குடுக்கைக்குத் திரும்பி வருது. உன் அலுமினிய மாளிகையில இதுவரைக்கும் குடியேறினது குளவி.

ஒரே ஒரு ராத்திரி உன் மக அந்த நீல விளக்கை அணைச்சுட்டா, உனக்குத் தெரியாம. நீ உள்ளே வேலை மின்னஞ்சல் பார்த்துக்கிட்டு இருந்த. பைன் மரத்தடியில மின்மினி கிளம்பிச்சு பாரு! ஆண் மேலே பறந்து ஒரு மினுக்கு மினுக்கும். புல்லுல உக்காந்திருக்கிற பொண்ணு சம்மதம்னா கீழே இருந்து ஒரு மினுக்கு. சம்பந்தம் பேச அவ்வளவுதான் செலவு. உன் மக ஒரு மணி நேரம் வாயைத் திறக்கலை, அந்தப் பிள்ளை வாயைத் திறக்காம இருந்ததை அன்னைக்குத்தான் பார்க்கிறேன். மின்மினியோட புழு ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு ஈரச் சருகுக்குள்ளயும் மண்ணுக்குள்ளயும் நத்தையைத் தின்னுக்கிட்டுக் கிடக்கும். நீ முதுகுல ஊதுகுழல் மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை தவறாமச் சருகை எல்லாம் ஊதி விரட்டுற. சருகுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை, இந்தப் பக்கம் என்ன வேலைன்னு எனக்கு இன்னும் விளங்கலை.

பனிக்காலத்துல பெரியவர் தன் பைன் காட்டுக்குத் தீ வச்சப்போ நீ தீயணைப்புக்குப் போன் போடப் போனியாமே. அது வேணும்னு வைக்கிற தீ. நீள ஊசி பைன் மரம் தீயில பழகினது; தரையில முளைச்ச கன்று பல வருஷம் புல்லு வேஷம் போட்டு உக்காந்திருக்கும், தீ வந்து சுத்தியிருக்கிற புதரை ஒதுக்கினாத்தான் எழுந்திருக்கும். ஒரு காலத்துல வர்ஜீனியாவுல இருந்து டெக்சாஸ் வரைக்கும் 9 கோடி ஏக்கர் இருந்த காடு. மரத்தையும் வெட்டினான், தீயையும் தடுத்தான், நூத்துக்கு மூணு பங்கு மிஞ்சிச்சு.

அந்த மணல் மேட்டுல உன் மெஷின் சக்கரம் இறங்கின குழி இருக்கே, அதை மூட மண் லோடு சொல்லியிருக்கேன்னு கேள்விப்பட்டேன். லோடை நிறுத்து. அது கோஃபர் ஆமையோட வளை. 1989ல இருந்து அது ஜார்ஜியாவோட மாநில ஊர்வன, பாதுகாக்கப்பட்ட உயிர். உன்னைவிட அதிகாரம் அதுக்குத்தான். ஒத்தை ஆளா நாப்பது அடி வரைக்கும் தோண்டும். அந்த வளையில தவளை, எலி, பூச்சின்னு 350 வகைக்கு மேல உயிர் வந்து ஒண்டிக்கிடும், வாடகை ஒரு காசு கிடையாது. சாரையும் உண்டு, கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு, அதனால கையை விட்டு நலம் விசாரிச்சுத் தொலைக்காதே. தோண்டி முடிச்சதும் ஆமை வாசல்ல வந்து உக்காந்து வெயில் காயும். உன் பதினோரு ஏக்கர்ல அப்படி உக்காரத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், என்னைத் தள்ளிட்டுப் பார்த்தா.

இந்த வீட்டுக்கு இன்னும் ரெண்டு ரூம் இழுக்கலாமான்னு நீ பிளான் போட்டுக்கிட்டு இருக்கிறதையும் பார்த்தேன். இங்க இருந்து ஒண்ணரை மணி நேரத்துல பிளெயின்ஸ்னு ஒரு ஊர். கடலை விவசாயி ஜிம்மி கார்ட்டர் அந்த ஊர்ல இருந்துதான் வெள்ளை மாளிகைக்குப் போனார். பதவி முடிஞ்சதும் 1961ல கட்டின அதே ரெண்டு படுக்கையறை வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார், 2024 டிசம்பர்ல நூறு வயசுல போய்ச்சேர்ற வரைக்கும் அதுலயேதான் இருந்தார். அடக்கம் பண்ணினதும் வீட்டுக் குளத்துப் பக்கத்துல. ஊருக்குள்ள 13 அடி உசரத்துல ஒரு கடலைச் சிலை, பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்குது. அவரைக் கேலி பண்ணினதா கும்பிட்டதான்னு எனக்குப் பிடிபடலை, ஆனா கடலைக்குச் சிலை வச்ச ஊருக்குக் கோவில்பட்டிக்காரன் ஒரு வணக்கம் வைக்காம வர முடியுமா? வச்சுட்டுத்தான் வந்தேன்.

அமெரிக்காவுல விளையுற கடலையில பாதிக்குப் பாதி இந்த ஒரு மாநிலத்துல விளையுது. நீ டப்பாவுல வாங்கித் திங்குற. பெரியவர் காட்டுல பச்சைக்கடலை பறிச்சதும் வாசல்ல பெரிய அண்டாவை ஏத்தி, உப்பை அள்ளிப் போட்டு, மணிக்கணக்கா அவிப்பார். நாம ஒரு கொதியில இறக்கிருவோம். அவங்க தோடே துவண்டு போற வரைக்கும் விட மாட்டாங்க. உரிக்கிறதுக்கு முன்னாடி தோட்டுக்குள்ள இருக்கிற உப்புத்தண்ணியை உறிஞ்சணும், அது சட்டம். முதல்ல எனக்கு அருவருப்பாத்தான் இருந்துச்சு. இப்போ அது இல்லாத கடலை சப்புன்னு இருக்கு. ஊர்ல இருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய் நாலு வில்லை குடுத்தேன். புவிசார் குறியீடெல்லாம் வாங்கின மிட்டாய்னு விளக்க இங்கிலீஷ் பத்தலை. அவர் ஒரு கடி கடிச்சு, மிச்சத்தைச் சட்டைப்பையில போட்டுப் பொத்தானை மாட்டிக்கிட்டார். அதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை.

அவர் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, என்னது அவருக்குப் புரியாது. மழையைப் பத்தித்தான் பேசுறோம்னு ரெண்டு பேருக்கும் ஒரு நம்பிக்கை. ரோட்டுல வண்டி போனா அவர் கையைத் தூக்குவார். ஓட்டுறவன் ஸ்டியரிங்ல இருந்து ஒத்தை விரலைத் தூக்குவான். ரெண்டு நாள்ல நானும் கத்துக்கிட்டேன். உன்னைத் தவிர எல்லாரும் விரலைத் தூக்கிட்டுத்தான் போறாங்க. நீ அந்த நேரம் புளூடூத்துல மீட்டிங்ல இருக்க.

வர்ற சனிக்கிழமை கடலை அவிக்கிறாராம், உன்னையும் கூப்பிட்டார். மூணு மணிக்கு வரணும். ஏழு மணிக்குத்தான் வேகும், ஆறரைக்குப் போனாப் போதும்னு நீ கணக்குப் போடுவேன்னு தெரியும். அதனாலதான் மூணுன்னு அழுத்திச் சொல்லச் சொன்னார். நாற்காலி அங்கே இருக்கு, உப்பு நான் எடுத்துக்கிடுறேன். மெஷின் சாவியைத் தேடாதே, அது உங்கம்மா கிட்ட இருக்கு.