எழுதாத பேனாக்களின் இருப்பிடம்

மேசைச் சீரமைப்பு என்பது, செய்தே தீர வேண்டிய பணியை அப்படியே விட்டுவிட்டு, அதைச் செய்வதற்கான இடத்தைத் துடைத்து அடுக்கி அழகுபடுத்துவதாகும். கடமையைத் தள்ளிப்போடும் வழிகள் பலவற்றுள், மேலதிகாரியே நேரில் வந்து பாராட்டத்தக்கது இது ஒன்றுதான். ஓர் அலுவலகம் இவ்வாரம் வெளியிட்ட சுற்றறிக்கை, மேசைமீது கணினி, குறிப்பேடு, தண்ணீர்ப் புட்டி ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் இருத்தலாகாது என்றும், சீர்செய்த மேசையைப் படமெடுத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் இட வேண்டும் என்றும், இதனால் ஊழியரின் கவனம் கூடும் என்றும் கூறுகிறது. அவ்வறிக்கை அச்சிடப்பட்டு ஒவ்வொரு மேசைமீதும் வைக்கப்பட்டது என்பதும், அனுமதிக்கப்பட்ட மூன்று பொருள்களுள் அது இடம்பெறவில்லை என்பதும் குறிக்கத்தக்கன. கவனம் உண்மையிலேயே கூடுமா என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சிந்தனை புதியதன்று. இண்டியானாபொலிஸ் நகரத்து வில்லியம் வூட்டன் 1874இல் காப்புரிமை பெற்ற மேசை, எண்ணற்ற சிற்றறைகளும் மடக்கிப் பூட்டும் கதவுகளும் கொண்டிருந்தது. ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1964இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஆக்ஷன் ஆபீஸ்’ என்னும் அறைகலன் வரிசையில், ராபர்ட் புரோப்ஸ்ட் ஊழியருக்குச் சுதந்திரம் அளிக்க விரும்பினார். 1968இல் வந்த அதன் மறுவடிவமோ, மனிதரைத் தடுப்புகளுக்குள் அடைக்கும் கியூபிகிளாக முடிந்தது. பின்னர் ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து 5எஸ் வந்து சேர்ந்தது. வேண்டாததை நீக்கல், வேண்டியதை உரிய இடத்தில் வைத்தல், துடைத்தல், முறையை நிலைப்படுத்தல், பழக்கமாக்கல் என்னும் ஐந்து படிகளைக் கொண்ட இம்முறை ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் மிகப் பொருத்தமானது. அதையே கணக்கரின் ஸ்டேப்ளரைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டும் அளவுக்கு நீட்டியவர்கள் வேறு வேலை இல்லாதவர்களாகவே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட, தமிழ்நாட்டு அலுவலகங்களின் ஆயுதபூஜைச் சீரமைப்பு மேலானது. துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துவிட்டால், அடுத்த ஆண்டு வரை கணினியை எவரும் தொந்தரவு செய்வதில்லை.

இம்முறைகள் எதுவும் உரிய கவனம் செலுத்தாத பொருள் பேனா ஸ்டாண்டு. எழுதாத பேனாக்கள் நின்றபடியே ஓய்வெடுக்கும் இக்கொள்கலன், பெரும்பாலும் காது உடைந்த காபிக் கோப்பையாகவே இருக்கும். இதில் வசிப்போருள் முதல் வகையினர் மை வற்றியோர். இரண்டாம் வகையினர், மை நிறைந்திருப்பது வெளியே தெரிந்தும் எழுத மறுப்போர், இவர்களே மிகக் கொடியவர். அடுத்து ரீஃபில் இல்லாத வெறுங்கூடுகள். காப்பீட்டு முகவர் தந்தவை. புதுமனை புகுவிழாத் தாம்பூலப் பையில் வந்தவை. காகிதத்துக்கும் உதவாமல் வெள்ளைப்பலகைக்கும் உதவாமல் போன மார்க்கர். இறுதியாக, உடலில்லாத மூடிகள். இம்மூடிகளின் தோற்றம் தனியே ஆராயத்தக்கது. பேனாவை இரவல் கொடுப்பவர், அது திரும்பி வருவதற்குப் பிணையாக மூடியைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வது மரபு. ஆகவே ஸ்டாண்டில் கிடக்கும் ஒவ்வொரு மூடியும், வங்கியிலோ அஞ்சலகத்திலோ பக்கத்து மேசையிலோ ஒரு நல்ல பேனா பறிபோனதற்கான ஆவணமாகும். நன்றாக எழுதுபவையே இரவல் போகின்றன என்பதால், எஞ்சி நிற்பவை எத்தகையவை என்பது சொல்லாமலே விளங்கும்.

இவற்றைப் பயன்படுத்தும் முறையும் மாறாதது. தொலைபேசியில் எவரேனும் ஓர் எண்ணைச் சொல்லத் தொடங்கியதும் கை ஸ்டாண்டுக்குப் போகிறது. முதல் பேனாவால் பழைய உறையின் பின்புறம் வட்டங்கள் போடப்படுகின்றன. தாளில் பள்ளம் விழுகிறதே தவிர மை விழுவதில்லை. பேனா உதறப்படுகிறது, ஊதப்படுகிறது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டப்படுகிறது, மீண்டும் வட்டங்கள். அதன் பிறகாவது அது குப்பைக் கூடைக்குப் போகிறதா என்றால், இல்லை. எடுத்த இடத்திலேயே, அடுத்த முறையும் முதலில் கைக்கு அகப்படும் வகையில், திரும்ப வைக்கப்படுகிறது. மறுமுனையில் இருப்பவர் “எழுதிக்கிட்டீங்களா?” என்று கேட்கும்போது ஐந்தாம் பேனா உதறப்பட்டுக்கொண்டிருக்கும், “எழுதிக்கிட்டேன்” என்னும் விடை மரியாதை கருதி அளிக்கப்படும். ரீஃபில் வாங்கிப் போடலாம் என்ற நம்பிக்கையே இவற்றைக் காத்துவருகிறது. என்றேனும் ஒருநாள் கடைக்குப் போனால், “இந்த மாடலுக்கு இப்ப ரீஃபில் வர்றதில்ல சார், புதுசே வாங்கிக்குங்க” என்கிறார் கடைக்காரர். புதிய பேனா வருகிறது. சில நாள்களில் அதன் மூடி மட்டும் மிஞ்சுகிறது.

இக்கூட்டம் முழுவதையும் இழுப்பறைக்குள் கொட்டி மூடியதுதான் இவ்வாரம் நிகழ்ந்த சீரமைப்பு. இழுப்பறையையும் படமெடுக்க வேண்டும் என்று அறிக்கை கூறவில்லை. இவ்வாய்வாளரின் மேசையில், மேலிருந்து நான்காவது என்று கண்ணை மூடியும் உருவத்தக்கதாய் இருந்த கோப்பு, இப்போது பொது அலமாரியில் அகர வரிசைப்படி எங்கோ இருக்கிறது. எந்த எழுத்தின்கீழ் என்பதை அடுக்கியவரே மறந்துவிட்டார்.

கவனம் பற்றிய வினா இன்னும் நிலுவையில் உள்ளது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் வோஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கான அறையில் இருந்தோர் இனிப்பைவிட ஆப்பிளையே மிகுதியாக எடுத்தனர். மற்றொரு சோதனையில், அலங்கோலமான அறையில் இருந்தோர் பிங்பாங் பந்துக்குப் புதுமையான பயன்களைக் கூறினர். சுற்றறிக்கை இவ்விரண்டில் எதை விரும்புகிறது என்பது தெளிவாக இல்லை. அவ்வலுவலக உணவகத்தில் ஆப்பிளும் கிடையாது, பிங்பாங் பந்தும் கிடையாது; காலையில் போட்ட வடைதான் உண்டு, அதையும் மேசைக்கு எடுத்துவரலாகாது என்று ஆறாம் பத்தி தடை விதிக்கிறது.