கொக்கிக்கு ஒரு பூட்டு

கேள்வி: அறுவடை நாட்களில் தோட்டத்திலேயே தங்குகிறோம். வெளியே நிற்கும் டிராக்டர் டிரெய்லரைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?
– வாசகர், பாகலூர்

பதில்: டிராக்டருக்குச் சாவி உண்டு, டிரெய்லருக்கு ஏது? கொக்கியில் பின்னைச் செருகி யார் இழுத்தாலும் பின்னாலேயே போய்விடும் அப்பாவி அது! உங்கள் ஊரில் மாலூர் சாலையைப் பிடித்தால் சற்று நேரத்தில் கர்நாடகம். பின்னைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தால் மட்டும் போதாது, திருடன் சொந்தப் பின்னோடு வருவான். கொக்கியின் துளைக்குள்ளேயே கனமான பூட்டைத் தொங்கவிடுங்கள். கொக்கி சுவரைப் பார்க்கட்டும். பல நாள் நிற்குமென்றால் ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கல் முட்டுக் கொடுங்கள்.

சேசிஸ் எண்ணையும் இன்றே செல்போனில் படமெடுங்கள். பெயின்ட் ஒரே இரவில் மாறும். இரும்பில் பொறித்த எண்ணைச் சுரண்டினால் தழும்பு நிற்கும். காணோமென்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 112.