கனவான் கரையோரம் போகிறார்

வேல்ஸின் கடலோரச் சாலைகளில் மே மாதம் பிறந்துவிட்டால் பளபளப்பான ஒரு வேன் அடிக்கடி எதிர்ப்படும். பதினாறு பேர் உட்காரலாம். எட்டுப் பேர்தான் இருப்பார்கள். மீதி எட்டு இருக்கைகள் காலியாக வருவதற்குத்தான் அவ்வளவு கட்டணம். இதற்குப் பெயர் வழிகாட்டியுடன் கூடிய சொகுசுப் பயணம். கடற்கரை, பாரம்பரியம், உள்ளூர்ச் சாப்பாடு மூன்றும் அதில் அடக்கம். மழை மட்டும் இலவசம்.

முதல் இருக்கையில், மடியில் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் நம் கனவான். அந்த இருக்கையை யாரும் அவருக்கு ஒதுக்கவில்லை. கல்யாண வீட்டில் தாய்மாமனுக்கு யாராவது நாற்காலி ஒதுக்கித் தருவார்களா என்ன? அவரே வந்து உட்காருவார், மற்றவர்கள் நகர்ந்துகொள்வார்கள்.

லண்டனுக்குத் தெற்கே, தோட்டத்தோடு கூடிய வீடு. வக்கீலாகவோ ஆடிட்டராகவோ ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவர். எவரெஸ்ட் ஏறுவதற்குத் தகுந்த மழைக்கோட்டு. சேறு பார்த்திராத பூட்ஸ். கழுத்தில் பைனாகுலர். பக்கத்தில் அவருடைய மனைவி. அவர் அதிகம் பேசமாட்டார். சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவார். அதனால் இந்தப் பயணத்தில் எதையாவது உண்மையிலேயே பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கனவானை டூரிஸ்ட் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. டூரிஸ்ட் என்பவன் பெரிய பஸ்ஸில் வருகிறவன். பொட்டலத்தில் சிப்ஸ் வாங்கித் தின்கிறவன். இவர் அனுபவம் தேடி வந்தவர். அதிலும் அசல் அனுபவம். டூரிஸ்டுகள் வராத இடமாகப் பார்த்து அழைத்துப் போக வேண்டும் என்று முதல் நாளே வழிகாட்டி அம்மையாரிடம் சொல்லிவைப்பார். கனவான் வேனிலிருந்து இறங்கிக் கால் வைத்த நிமிஷமே அந்த இடம் அந்தப் பெருமையை இழந்துவிடுகிறது என்பதை அம்மையார் எடுத்துச் சொல்வதில்லை.

அம்மையார் உள்ளூர்க்காரர். சட்டையில் நீல வில்லை குத்தியிருப்பார். பிரிட்டனில் அது முறையாகப் படித்துப் பரீட்சை எழுதித் தேறிய வழிகாட்டிகளுக்கு உரியது. கனவானோ புறப்படுவதற்கு முன்பு ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்திருப்பார். பரீட்சை எழுதியவரைப் புத்தகம் படித்தவர் வழிநெடுகத் திருத்திக்கொண்டே வருவார். அம்மையார் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு, முதலில் சொன்னதையே வேறு வாக்கியத்தில் திரும்பச் சொல்வார்.

கான்வி கோட்டையின் முன்னால் கனவானுக்கு நெஞ்சு நிமிரும்.

“1283-இல் ஆரம்பித்தோம், 1287-இல் முடித்துவிட்டோம். நான்கே வருஷம்!” என்பார். இந்த ‘தோம்’-இல் அவருக்கும் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மன்னருக்கும் சம பங்கு உண்டு.

“ஆமாம் ஐயா, எங்களை அடக்கத்தானே அவ்வளவு அவசரம்” என்பார் அம்மையார், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். கூடவே இன்னொன்றையும் சொல்லிவைப்பார். 1294-ஆம் வருஷம் வேல்ஸ்காரர்கள் கிளர்ந்தெழுந்தபோது, மன்னர் இதே கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். சாமான்கள் கடல் வழியாகத்தான் வரவேண்டும். சாப்பாட்டுக்கும் குடிப்பதற்கும் ஏகத் தட்டுப்பாடு. கனவான் இதைக் கேட்டு, இரவு தங்கப்போகும் ஓட்டலின் மெனுவைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்பார்.

நுழைவாயிலில் இன்னொரு சோதனை. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டின் உறுப்பினர் அட்டையைப் பெருமையோடு நீட்டுவார். அது இங்கே செல்லாது. கோட்டையைப் பராமரிப்பது ‘காடூ’ என்ற வேல்ஸ் அரசு அமைப்பு. அம்மையார் கையில் குழுவுக்கான டிக்கெட் இருப்பதால் வேலை நடந்துவிடும். ஆனாலும் எட்வர்டு கட்டிய கோட்டைக்குள் போக எட்வர்டின் பங்காளி வேல்ஸ்காரர்களிடம் காசு கட்ட வேண்டியிருப்பது அவரை அரைமணி நேரம் உறுத்தும். தோற்றவர்கள் கோட்டையைக் கைப்பற்றுவதில் இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

அடுத்தது நடை. வேல்ஸின் கடற்கரை முழுவதையும் ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. 2012-இல் திறந்தார்கள், 870 மைல், அதாவது 1,400 கிலோமீட்டர். தன் கடலோரம் முழுக்க நடக்கப் பாதை போட்ட முதல் நாடு என்பதில் வேல்ஸுக்குப் பெருமை. கனவான் இதில் இரண்டு மைல் நடப்பார். அந்த இரண்டு மைலும் பொறுக்கி எடுத்தவை. மேட்டில் வேன் இறக்கிவிடும். பாதை இறங்கிக்கொண்டே போகும். அடிவாரத்தில் கழிப்பறையும் காப்பிக்கடையும் வரும் இடத்தில் அதே வேன் காத்திருக்கும். பெம்புரோக்‌ஷயரின் பாறை விளிம்பில் காற்று மழைக்கோட்டைப் படபடவென்று அடிக்க, கனவான் கைத்தடியை ஊன்றி நின்று படம் எடுத்துக்கொள்வார். அன்று இரவே பேரனுக்குச் செய்தி போகும்: “வேல்ஸ் கடலோரப் பாதையை நடந்தேன்.” பொய் என்று சொல்ல முடியாது. எவ்வளவு என்று பேரன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அவருடைய முழுப் பிரகாசத்தைப் பார்க்க வேண்டுமானால் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வரவேண்டும்.

காலைச் சிற்றுண்டியில் லாவர்பிரெட் வரும். பெயரைப் பார்த்து ரொட்டி என்று நினைத்தவர்கள் ஏமாறுவார்கள். பாறையில் படரும் கடற்பாசியைப் பறித்து, மணிக்கணக்கில் வேகவைத்துக் குழைத்த கரும்பச்சைக் களி அது. ஓட்ஸ் மாவில் புரட்டி, பன்றி இறைச்சிக் கொழுப்பில் பொரித்து, காக்கிள் எனப்படும் மட்டியோடு வைப்பார்கள். தென் வேல்ஸில் சுரங்கத் தொழிலாளி வேலைக்குப் போகுமுன் தின்ற சாப்பாடு. வயிறு நிரம்ப வேண்டும், செலவு ஆகக் கூடாது. கடலில் சும்மா கிடைப்பதைத் தின்றார்கள். இன்று அது வெள்ளைத் தட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கனவான் முதலில் படம் எடுப்பார். பிறகு முள்கரண்டி நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். “அடேயப்பா, கடலின் ஆழம்!” என்பார். பரிமாறும் பையன் உள்ளூர்தான், மரியாதையாகத் தலையசைப்பான். அவன் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தது கார்ன்ஃபிளேக்ஸ். மனைவி பேசாமல் வெண்ணெய் தடவிய டோஸ்ட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மட்டிக்கும் ஒரு கதை உண்டு. கோவர் தீபகற்பத்தின் வடகரையில் பென்கிளாத் என்று ஒரு கிராமம். அந்தக் காலத்தில் கடல் வற்றும் நேரம் பார்த்து, அந்த ஊர்ப் பெண்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு சேற்று மணலில் மைல் கணக்கில் நடந்து போவார்கள். குனிந்து மணலைக் கிளறி, சலித்து, மூட்டை கட்டி, வெள்ளம் திரும்புவதற்குள் கரையேற வேண்டும். பிறகு வேகவைத்து, கூடையில் சுமந்து ஸ்வான்ஸீ சந்தையில் விற்க வேண்டும். அம்மையார் இதைச் சொல்லி முடித்ததும் வேனில் ஒரு நிமிஷம் பேச்சே இருக்காது. பிறகு கனவான் கேட்பார்: “அதை நாமும் ஒருநாள் செய்து பார்க்க ஏற்பாடு உண்டா? கழுதையோடு?”

மத்தியானம் கவுல். ஆட்டிறைச்சி, கிழங்குகள், லீக் என்னும் பருத்த வெங்காயத்தாள் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்க வைத்த கஞ்சிக் குழம்பு. முதல் நாளைவிட மறுநாள்தான் ருசி என்று வீடுகளில் சுண்டவைத்துச் சாப்பிடுவார்கள். ஓட்டலில் அதையே சின்னக் கிண்ணத்தில், மேலே நுரையோடு தருவார்கள். நேற்று வைத்தது என்று பரிமாறுபவர் தவறிச் சொல்லிவிட்டால் கனவானின் முகம் மாறும். ‘24 மணி நேரம் ஊறியது’ என்று மெனுவில் அச்சடித்துவிட்டால் அதற்கே இன்னும் மூன்று பவுண்டு தருவார்.

அசல் மீது அவருக்கு இருக்கும் இந்தக் காதல் வடக்கே போகப் போக விசித்திரமாகும். ஆங்கிள்ஸி தீவில், 58 எழுத்துப் பெயர் கொண்ட ரயில் நிலையப் பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வார். எத்தனை பழமையான பெயர் என்று வியப்பார். ரயிலில் வருகிறவர்கள் இறங்கிப் பார்க்கட்டும் என்று 1860-களில் ஊர்க்காரர்களே நீட்டிவிட்ட பெயர் அது. அதாவது, கனவான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவருக்காகத் தயார்செய்து வைத்தது. அடுத்து போர்ட்மெய்ரியன். கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925-இல் தொடங்கி 50 வருஷம் ஆசை ஆசையாகக் கட்டிய இத்தாலி பாணிக் கிராமம். எங்கெங்கோ இடித்த கட்டடங்களின் தூண்களையும் கூரைகளையும் கொண்டுவந்து சேர்த்தார். சில சன்னல்கள் சுவரில் வரைந்தவை. அங்கேதான் கனவான் முழுத் திருப்தியோடு சொல்வார்: “இதுதான் அசல் வேல்ஸ்!”

வடக்கே போவதற்கு முன்பே செயின்ட் டேவிட்ஸ் வந்துபோயிருக்கும். 2,000 பேர்கூட இல்லாத ஊர்; ஆனால் பேராலயம் உள்ள நகரம், பிரிட்டனிலேயே மிகச் சிறிய நகரம். பேராலயம் பள்ளத்தில் இருக்கிறது. 39 படி இறங்கிப் போக வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் போப் இரண்டாம் கலிக்ஸ்டஸ் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார்: இங்கே இரண்டு தடவை யாத்திரை வந்தால் ரோமாபுரிக்கு ஒரு தடவை போனதற்குச் சமம், மூன்று தடவை வந்தால் ஜெருசலேம் போன புண்ணியம். ஆடிட்டர் மூளை உடனே விழித்துக்கொள்ளும். “அப்படியானால் அடுத்த வருஷமும் வந்துவிட்டால் ரோம் மிச்சம்” என்று மனைவியிடம் கணக்குச் சொல்வார். மனைவிக்கு ரோம் பார்க்க ஆசை. அது கணக்கில் சேராது.

ஊருக்குப் பெயர் தந்த டேவிட் முனிவர் ரொட்டியும் கீரையும் தின்று வெறும் தண்ணீர் குடித்தே வாழ்ந்தவர் என்று அம்மையார் விளக்குவார். அன்று சாயங்காலம் கனவான் அவர் நினைவாக, கடற்பாசி மணமேற்றிய ஜின்னில் ஒன்று அருந்துவார். முனிவருக்கு மரியாதையாக அதில் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக்கொள்வார்.

பணத்துக்கு மசியாத ஒரே ஆள் இந்தப் பயணத்தில் கடல்தான். ஸ்கோமர் தீவில் கோடைக்கு 40,000-க்கும் மேல் பஃபின் பறவைகள் வரும். வளைகளில் குடித்தனம் நடத்திவிட்டு ஜூலை முடிவதோடு கிளம்பிவிடும். தீவில் ஒரு நாளைக்கு 250 பேர்தான் இறங்கலாம். வடக்குக் காற்று அடித்தால் அந்த 250 பேரும் கிடையாது, படகு கிளம்பாது. கனவான் வந்த அன்று வடக்குக் காற்றுதான் அடிக்கும்.

“இதற்கு யாரிடம் பேச வேண்டும்?” என்று கேட்பார்.

“பேசிப் பார்க்கலாம் ஐயா, அது காது கொடுத்துக் கேட்டதாக இதுவரை தகவல் இல்லை” என்று அம்மையார் கடலைக் காட்டுவார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு காய்ச்சல் வரும். ஏதாவது ஒரு மீன்பிடித் துறையில், வீடு விற்கும் ஏஜெண்டின் கண்ணாடி முன் கனவான் நின்றுவிடுவார். கடலைப் பார்த்த சின்ன வெள்ளை வீடு. வருஷத்தில் ஒரு மாதம் வந்து தங்கலாம், மீதி நாள் பூட்டிப் போட்டுவிடலாம். இப்படிப் பூட்டிப் போட்ட வீடுகள் பெருகித்தான் அந்தப் பரிமாறும் பையனுக்குச் சொந்த ஊரில் வீடு வாங்க வழியில்லாமல் போயிற்று. அம்மையார் இந்த நியாயத்தையெல்லாம் பேசமாட்டார். வேல்ஸில் 2023 ஏப்ரலிலிருந்து, இரண்டாம் வீடு வைத்திருப்பவர்கள் மேல் 300 சதவீதம் வரைக்கும் கூடுதல் வரி போட உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சும்மா ஒரு தகவலாகச் சொல்வார். காய்ச்சல் அங்கேயே இறங்கிவிடும்.

இவ்வளவு சொன்னதால் அவரை யாராவது வெறுக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மழை பெய்கிற செவ்வாய்க்கிழமையில், பாலாடைக்கட்டிக் கடையில் நுழைந்து ஒரு முழு வட்டக் கட்டியை விலை கேட்காமல் வாங்குகிறவர் வேறு யார்? தேநீரில் ஊறிய உலர்பழங்கள் போட்ட ‘பாரா பிரீத்’ ரொட்டியை அரை டஜன் கட்டிக்கொண்டு போகிறவர் யார்? வழிகாட்டியிடம் கேள்வி கேட்பதற்குப் பதிலாகத் திருத்தம் சொன்னாலும், கடைசி நாளில் கவரில் வைத்துக் கொடுக்கும் தொகையில் குறை வைப்பதில்லை. பாட்டி காலத்துப் பட்டினிச் சாப்பாட்டைப் பேரன் காலத்து வருமானமாக மாற்றித் தருகிறவர் அவர். கரையோர ஊர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கின்றன. ஆகவே ‘உங்களுக்காகவே’ என்ற முகபாவத்தோடு, எல்லாருக்கும் செய்வதையே அவருக்கும் செய்கின்றன.

வெளியிலிருந்து வருகிறவர்களைச் சமாளிப்பதில் இந்தக் கரைக்குப் பழைய அனுபவம் உண்டு. 1797 பிப்ரவரியில் சுமார் 1,400 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை ஒன்று ஃபிஷ்கார்டு அருகே இறங்கியது. பிரிட்டன் மண்ணில் நடந்த கடைசிப் படையெடுப்பு அது. அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் உடைந்திருந்தது. அதன் ஒயின் பக்கத்துப் பண்ணை வீடுகளிலெல்லாம் இருந்தது. படையினர் உள்ளே புகுந்தார்கள், உள்ளூர்ச் சாப்பாட்டையும் ஒயினையும் ஒரு கை பார்த்தார்கள். இரண்டே நாளில் சரணடைந்தார்கள். ஜெமைமா நிக்கலஸ் என்ற செருப்புத் தைக்கும் பெண்மணி, வைக்கோல் வாரும் கவைக்கோலோடு தனியாளாகப் போய் 12 பேரைப் பிடித்துக்கொண்டு வந்ததாக ஊர் இன்றும் கொண்டாடுகிறது.

கனவானும் இறங்குகிறார், சாப்பிடுகிறார், குடிக்கிறார், ஒரே வாரத்தில் பணப்பையோடு சரணடைகிறார். அந்த 12 பேருக்கு ஜெமைமா கவைக்கோலைத் தூக்க வேண்டியிருந்தது. இவருக்கு முள்கரண்டியே போதும். அதையும் அவரே தூக்கிக்கொள்கிறார்.