எட்டுத் திரெட்களில் முதலாண்டு

2013-இல் ஏசிஎம்மும் ஐஇஇஇ கணினிச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட கணினி அறிவியல் பாடத்திட்டப் பரிந்துரையில் இணைக் கணிமைக்கும் பரவல் கணிமைக்கும் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அருமையான முடிவு. ஒரே ஒரு லூப்பை ஓடவைக்கத் திணறும் முதலாண்டு மாணவர் இனி எட்டுத் திரெட்களில் ஒரே நேரத்தில் திணறலாம். எவ்வளவு நேரம் மிச்சம்! பிழையும் முன்போல ஒரே இடத்தில் அசமந்தமாக நிற்காது. தனியாக ஓட்டினால் வரும். ஆசிரியரைக் கூப்பிட்டால் மறைந்துவிடும்.

வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், எத்தனை பிராசசர் பூட்டினாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது என்கிறது அம்டால் விதி. குழு அசைன்மென்ட் அந்த விதிக்கும் அடங்காதது. நால்வரில் ஒருவர் எழுதுவார், மூவர் காத்திருப்பார்கள். மதிப்பெண் மட்டும் நால்வருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேரும்.

டெட்லாக் பாடத்துக்குப் புத்தகமே வேண்டாம். துறை ஆசிரியருக்காகக் காத்திருக்கிறது, ஆசிரியர் பயிற்சிக்காக, பயிற்சி நிதிக்காக, நிதியோ, பாடம் முதலில் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறது. வாசலில் நின்று பார்த்த மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். செய்முறைத் தேர்வில் அனைவருக்கும் முழு மதிப்பெண்.