குறி தவறினால் சப்ளையருக்கு மெயில்

ஒரகடத்தில் 2013 முதல் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டின் பழைய விளம்பர வாசகம், 'துப்பாக்கி மாதிரி செய்தது'. இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததில் ஒட்டிக்கொண்டதுதான் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர். அந்த ஆலையின் லீ-என்ஃபீல்டு வழிவந்ததுதான் நம்மூர் .315 ரைபிள். ஆக, அது குறி தவறினால் விசாரிக்கும் உரிமை ஒரகடம் குவாலிட்டிக்காரர்களுக்கு உண்டு.

ஐந்து 'ஏன்' கேட்பார்கள். ஏன் தவறியது? டெலஸ்கோப் ஆடியது. ஏன்? மவுண்ட் ஸ்க்ரூ லூஸ். ஏன்? டார்க் ரெஞ்ச் வைக்கவில்லை. ஏன்? நைட் ஷிஃப்ட். ஐந்தாவது 'ஏன்' வருவதற்குள் சப்ளையருக்கு மெயில் போயிருக்கும்.

துப்பாக்கிக்காரர் பழிபோடும் வரிசையே வேறு: முதலில் தோட்டா, அப்புறம் காற்று, கடைசிவரை தன் தோள் இல்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் துப்பாக்கியிலேயே இருக்கும். குழல் வாய் விளிம்பில் நகக்கண் அளவு நசுங்கல் போதும், தோட்டா கோணிக்கொண்டு போகும். குழலுக்குள் தோட்டா விட்டுப்போன செம்பை யாரும் தேய்ப்பதில்லை. ஐப்பசி மழையில் துப்பாக்கியின் மரக்கட்டை உப்பிக் குழலை நெட்டும்; இடையில் ரூபாய் நோட்டை விட்டு இழுத்தால் சிக்கும். உடனே உளியை எடுக்காதீர்கள். பழைய என்ஃபீல்டு ரைபிள்களில் கட்டை குழலை அழுத்துவது சில இடங்களில் வேண்டுமென்றே வைத்தது. டிராயிங்கைப் பார்க்காமல் ரீவொர்க் செய்தால் ஆடிட்டில் மாட்டுவோம்.

எல்லாம் சரியாகி, ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுந்தபின் எதைச் சுடுவது? வனவிலங்குச் சட்டப்படி மானும் முயலும் நம் கணக்கில் இல்லை. ரேஞ்சில் காகிதம் இருக்கிறது. லைசென்ஸ் புதுப்பித்தாகிவிட்டதா?