நான் எழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை

சாரல் சீசனில் ஊர் உலகமே வேன் பிடித்துக் குற்றாலம் வருகிறது. தென்காசியில் குடியிருக்கும் நாங்களோ ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று டிவி செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். நான் டிவியில், மகன் போனில்.

அவனைத் திருத்த வேண்டியது தகப்பன் கடமை இல்லையா? ரிமோட்டைக் கீழே வைக்காமலே திருத்தினேன். "ஏல, உலக சுகாதார நிறுவனமே 2019-ல கேம் பைத்தியத்தை நோய்ப் பட்டியல்ல சேத்துட்டு, தெரியுமால?"

"டிவியைச் சேக்கலியாப்பா?"

"சேக்கல!" என்றேன், ஜெயித்த குரலில்.

"அப்போ உங்களுக்கு வைத்தியமே கிடையாதா?"

அந்த நோய்க்கு அளவுகோல் உண்டு. நிறுத்த முடியாமை, மற்ற சோலி கெட்டாலும் விடாமை, இதெல்லாம் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டுமாம். பன்னிரண்டு மாதம்! நான் 1999-இல் 'சித்தி' சீரியலுக்கு உட்கார்ந்தவன். 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009-இல் முடிவதற்குள் கொழுந்தியாளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது நான் பாதியில் எழுந்து வந்தது மாமியார் வீட்டில் இன்னும் பேச்சு.

2020 செப்டம்பரில் பப்ஜி கேமைத் தடை செய்தார்கள். தெருவுக்கே மிட்டாய் கொடுக்கலாமா என்றிருந்தது எனக்கு. மறு வருஷமே வேறு பேரில் வந்து நின்றது. எனக்கு ஆச்சரியமில்லை, சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டால் புருஷனையே மாற்றி ஏற்றுக்கொள்கிற சாதி நாங்கள்.

சாப்பிடக் கூப்பிடும்போதுதான் நான் அடியோடு தோற்பது. "இப்போ எந்திரிச்சா என் டீமே செத்துரும்மா" என்பான் மகன். வீட்டுக்காரி என் பக்கம் திரும்புவாள். "நீங்க எந்திரிச்சா யாரு சாவா?" நியாயமான கேள்வி. அவன் இல்லாவிட்டால் மூன்று பேர் திண்டாடுகிறார்கள். நான் இல்லாவிட்டாலும் சீரியல் மருமகள் அழத்தான் போகிறாள். 'தொடரும்' என்று போட்டு அதுவாக விடுகிற வரை உட்கார்ந்திருக்கிறேன். விட்டதும் அடுத்த சேனல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனையும் ரிமோட்டையும் வீட்டுக்காரி பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஐந்தருவியில் தலை காட்டிவிட்டு, பசியோடு பிரானூரில் பரோட்டா சாப்பிட நுழைந்தோம். சுவரில் ஒரு டிவி. பழைய சீரியல், நான் ஏற்கெனவே பார்த்து முடித்தது.

"என்ன சாப்பிடுதீய அண்ணாச்சி?" என்று சர்வர் கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

மகன்தான் சொல்லியிருக்கிறான்: "விளம்பரம் வரட்டும்ணே, அப்புறம் கேளுங்க."